தூரிகைக்கால் வண்ணத்துப்பூச்சிகளும் பயிர்களும்

பூச்சிகளுக்கு ஆறு கால்கள் உண்டென்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் வயலோரத்தில் வந்தமரும் வண்ணத்துப்பூச்சிகளிற் பல நான்கு கால்களிலேயே நிற்கக் காணலாம். இவற்றின் முன்னங்கால்கள் இரண்டும் குறுகி, பெரும்பாலும் மயிரடர்ந்து, தூரிகை போல நெஞ்சோடு ஒடுங்கியிருக்கும். நடக்க உதவாத இக்கால்களாற் பெண்பூச்சி இலையைத் தட்டிச் சுவையறிந்து, தன் புழுக்களுக்கு ஏற்றதெனக் கண்டால் முட்டையிடும். தூரிகைக்கால் குடும்பம் எனப்படும் இதில் உலகெங்கும் ஏறக்குறைய 6,000 இனங்கள் உள. வண்ணத்துப்பூச்சிக் குடும்பங்களுள் மிகப் பெரியது இதுவே.

ஓரினத்தின் புழு கண்ட செடியையெல்லாம் உண்பதில்லை. எருக்கலையில் வளரும் வரிப்புழுக்களாற் கமக்காரருக்கு யாதொரு நட்டமுமில்லை. இவற்றின் நெருங்கிய உறவான மொனாக் பூச்சியே கனடாவின் தென்பகுதியிலிருந்து மெக்சிக்கோ மலைகள்வரை பறந்து சென்று குளிர்காலத்தைக் கழிப்பது. கொடித்தோடையின் இலையை அரிக்கும் முட்புழுவோ வேறு. இது கரும்புள்ளியுடைய செம்மஞ்சட் பூச்சியாகும். இலங்கையிலும் இந்தியாவிலும் வாழ்ந்த இவ்வினம் தென்கிழக்காசியா வழியாகப் பரவி 2012இல் அவுஸ்திரேலியாவை அடைந்தது.

நெல்லில் இக்குடும்பத்தைச் சேர்ந்த பச்சைப் புழுவொன்றைக் காணலாம். தலையில் இரு கொம்புகள் இருப்பதால் அதை எளிதில் அறியலாம். தாய்ப்பூச்சி அந்தி வேளையிற் பறக்கும். மாரியில் அதன் சிறகின் அடிப்புறத்திற் கண்போன்ற வட்டங்கள் தோன்றும். கோடையில் அவை மங்கிச் சருகின் நிறமாகும். இப்புழு இலைகளைத் தின்னினும் விளைச்சல் குறையுமளவிற்குப் பெருகுவது அரிது. ஒட்டுண்ணிக் குளவிகளும் ஈக்களும் அதன் முட்டைகளையும் புழுக்களையும் அழித்துவிடும்.

அக்குளவிகளை இழந்தால் நேர்வது யாதென்பதைக் கொஸ்தாறிக்கா நாட்டு வாழைத் தோட்டங்களிற் காணலாம். அங்கே ஆந்தையின் கண் போன்ற பெரும் வட்டங்களைச் சிறகிலுடைய தூரிகைக்கால் பூச்சி வாழையிலையில் முட்டையிடும். 1950களிற் கூன்வண்டை ஒழிக்க டீல்டிரின் என்னும் நஞ்சு தோட்டங்களில் இடப்பட்டது. பின்னர் பிற நஞ்சுகளும் தொடர்ந்து தெளிக்கப்பட்டன. ஒட்டுண்ணிகள் மடிந்தன, முன்னர் பொருட்படுத்தப்படாத ஆந்தைக்கண் புழு முதலியன பெருகி இலைகளைத் தின்றன. 1973இல் தெளிப்பு நிறுத்தப்பட்டபின், சில ஆண்டுகளுள் அவற்றுட் பெரும்பாலானவை தாமாகவே அடங்கின.

ஆகையால் நெல்லில் ஆங்காங்கே கொம்புப் புழுவைக் கண்டவுடன் பூச்சிநாசினி தெளித்தல் வேண்டியதில்லை. வீட்டுக் கொடித்தோடையில் முட்புழுக்கள் மிகுந்தால், அவை இருக்கும் இலைகளைக் காலையிற் கிள்ளிச் சவர்க்கார நீரில் இடுதல் போதுமானது.