கரையோரமாக ஒரு வாரம்: திருச்செந்தூரிலிருந்து தேங்காப்பட்டணம் வரை

திருச்செந்தூரில் தொடங்கி, கன்னியாகுமரியில் திரும்பி, தேங்காப்பட்டணத்தில் முடியும் கடற்கரை ஒரு வார விடுமுறைக்கு அளவான நீளம். சாலைக் கணக்கில் சுமார் 150 கிலோமீட்டர். காரில் போனால் ஒரு பகலில் முடிந்துவிடும். பெரும்பாலானோர் அப்படித்தான் போகிறார்கள். திருச்செந்தூரில் தரிசனம், கன்னியாகுமரியில் சூரிய உதயம், அதோடு சரி. இடையில் உள்ள மீனவ ஊர்கள் வெறும் பெயர்ப்பலகைகளாக ஓடி மறைகின்றன. ஆனால் இந்தக் கரையின் அழகும் வரலாறும் அந்த ஊர்களில்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும்.

இங்கே நடைபாதை என்று யாரும் போட்டு வைக்கவில்லை. கடல் வற்றும் நேரத்தில் அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் பாதை. அதில் கால் புதையாது. மேட்டு மணலிலோ ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் கெண்டைக்கால் கடுத்துவிடும். வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், முந்தின நாள் மாலையே கரையில் வலை சரிசெய்துகொண்டிருப்பவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாளைக்கு ஆறேழு கிலோமீட்டர் போதும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை ஏற்ற காலம். அக்டோபர், நவம்பரில் தூத்துக்குடிப் பக்கம் மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை குமரியின் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். திருச்செந்தூர், கன்னியாகுமரி, நாகர்கோவில் ஆகிய மூன்று ஊர்களில் தங்கினால் மற்ற இடங்களுக்கு உள்ளூர்ப் பேருந்திலேயே போய்வரலாம்.

திருச்செந்தூரில் கோயிலுக்குத் தெற்கே, கடலை ஒட்டியே இருக்கிறது நாழிக்கிணறு. உப்புக் கடலுக்கு இத்தனை அருகில் நல்ல தண்ணீர் சுரப்பது எவரையும் வியக்க வைக்கும். அங்கிருந்து ஆலந்தலை வரை காலை நடைக்கு நல்ல கரை. மாலைப்பொழுதைத் தேரிக்கு ஒதுக்கலாம். இரும்புச் சத்து படிந்து சிவந்த மணல் மேடுமேடாகக் கிடக்கும் நிலம் இது. அதன் நடுவே, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் ஒரு நன்னீர்ச் சுனை. தேரியைச் சுற்றிப் பனை நிற்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இந்தப் பனைகளின் பதநீரில் காய்ச்சப்படுவதுதான்.

அடுத்து மணப்பாடு. இந்த ஊருக்கு ஒரு முழு நாள் வேண்டும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, அதன் உச்சியில் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோயில், ஓரத்தில் கடலோடு சேரும் கருமேனியாறு. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை குன்றின் அடிவாரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. குன்றைச் சுற்றி நடந்தால், ஒரு பக்கம் அலை பாறையில் மோதித் தெறிக்கிறது, மறுபக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. ஊருக்குள் அகன்ற திண்ணைகளும் உயர்ந்த தூண்களுமாகப் பழைய வீடுகள்; கடல் வணிகத்தில் செழித்த காலத்தவை. பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் பின்னுகிறார்கள். செப்டம்பர் 14-ஆம் தேதி திருவிழாவின்போது கால் வைக்க இடமிருக்காது. அமைதியை நாடுபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

உவரியில் அரை நாள் போதும். சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அந்தோணியார் கோயிலும் ஒரே கரையில் இருக்கின்றன. கப்பல் வடிவில் எழுப்பிய மாதா கோயில் தனி. ‘கொற்கை’ நாவலுக்காக 2013-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற ஜோ டி குருஸ் இந்த ஊர்க்காரர். அவருடைய ‘ஆழி சூழ் உலகு’ பையில் இருந்தால் மதிய வெயில் நேரம் நன்றாகக் கழியும்.

கன்னியாகுமரியில் கூட்டம் தவிர்க்க முடியாதது. 1970-இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறையையும், 133 அடி வள்ளுவர் சிலையையும், இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தையும் காலையிலேயே பார்த்துவிட்டு, வட்டக்கோட்டைக்குப் போய்விட வேண்டும். கருங்கல் மதில்மேல் நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னையும் மலையும். இந்தக் கோட்டையைப் பலப்படுத்தியவர் டி லனாய் என்ற டச்சுத் தளபதி. 1741-இல் குளச்சல் போரில் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டு, பிறகு அவருடைய படைக்கே தலைமை ஏற்றவர். அந்த வெற்றியின் நினைவுத் தூணைக் குளச்சலில் பார்க்கலாம்.

குமரிக்கு மேற்கேதான் நடைக்கு மிக நல்ல கரை. கோவளம், மணக்குடி, சங்குத்துறை, சொத்தவிளை என்று ஊரும் மணலும் மாறிமாறி வரும். மணக்குடியில் பழையாறு காயலாக விரிந்து கடலில் சேர்கிறது; 2004 சுனாமி அங்கிருந்த பாலத்தைப் பெயர்த்துவிட்டது. இந்தக் கரையில் காலை வேளையில் கரமடி இழுப்பதைக் காணக்கூடும். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் போட்டுவிட்டு, இரு முனைக் கயிறுகளையும் இரண்டு குழுக்கள் கரையில் நின்று இழுக்கும். பின்னுக்குச் சாய்ந்து, குதிகாலை மணலில் ஊன்றி, ஒருவர் பின் ஒருவராக. கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு முன்னால் வந்து பிடிப்பார். வலை நெருங்க நெருங்க இரு குழுக்களும் நெருங்கும். மடி கரையேற மணிக்கணக்காகும். சில நாள் சாளையும் நெத்திலியும் குவியும். சில நாள் ஒரு கூடைகூட நிறையாது. எப்படியானாலும் மீன் அங்கேயே ஏலம் போகும்.

முட்டத்தில் மணற்கரை முடிந்து செம்மண் மேடும் கரும்பாறைகளும் எழுகின்றன. உச்சியில் கலங்கரை விளக்கம். ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) இங்கே படமாக்கப்பட்ட பிறகு தமிழ்நாடு முழுவதும் இந்தப் பாறைகளை அடையாளம் கண்டுகொண்டது. மாலை ஐந்து மணிக்கு மேல் இந்த மேட்டில் உட்கார்ந்திருப்பதைவிட நல்ல வேலை இந்த வாரத்தில் வேறில்லை.

சாப்பாட்டுக்கு நட்சத்திர ஓட்டல் தேட வேண்டாம். மசித்த மரவள்ளிக்கிழங்கும், தேங்காய் அரைத்த மீன் குழம்பும் குமரி மாவட்டத்தின் அன்றாட உணவு. குளச்சல் பக்கம் சிப்பி கிடைத்தால் விடக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களிலும் பாறை இடுக்குகளிலும் குளிக்கக்கூடாது. இந்தக் கடலில் காற்றும் மழையும் இல்லாத நாளிலும் திடீரென்று பேரலை எழும். கள்ளக்கடல் என்பது அதுதான். எங்கோ தொலைவில் வீசிய புயலின் அலை இங்கே வந்து சேர்கிறது. 2024 மே மாதம் குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படிப்பட்ட நாளில்தான் உயிரிழந்தார்கள். கரை என்பது மீனவர்களின் வேலைத்தலம் என்பதையும் மறக்கக்கூடாது. உலர்த்திய வலையையும் கருவாட்டையும் மிதிக்காமல் ஒதுங்கி நடக்க வேண்டும். படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களில் கடலுக்குப் போவதில்லை. அன்று கரை சும்மா கிடக்கும்.

குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் தேங்காப்பட்டணத்தில் பயணம் முடிகிறது. ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ எழுதிய தோப்பில் முஹம்மது மீரானின் ஊர் இது. இங்கிருந்து பேருந்தில் மார்த்தாண்டம் போய், குழித்துறையில் ரயில் பிடிக்கலாம். முழு வாரம் ஒதுக்க முடியாதவர்கள் மணப்பாட்டுக்கு ஒரு நாளும் முட்டத்துக்கு ஒரு நாளும் கொடுத்தால் போதும். மற்றதை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.