பதினான்கு அங்குலச் சக்கரத்திற்கு ஏற்ற டயர்

முப்பது ஆண்டுகளைக் கடந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அதன் தொழிற்சாலைச் சக்கரங்களோடு நல்ல நிலையில் இருக்கும்போது, அதை வைத்திருப்பவருக்கு எஞ்சினைவிடப் பெரிய தலைவலியாக வந்து சேர்வது டயர்தான். ஏனெனில் எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கலாம், சக்கரத்தை மெருகேற்றலாம், ஆனால் ரப்பருக்கு ஆயுள் முடிந்துவிட்டால் அதே அளவில் வேறொன்றைத் தேடித்தான் ஆக வேண்டும். இந்தச் சிக்கல் தெளிவாக விளங்கும் வண்டிகளுள் ஒன்று, ஹிரோஷிமாவைத் தலைமையிடமாகக் கொண்ட மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகப்படுத்தி 1997 வரை தயாரித்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்ட இவ்வண்டி இரண்டே இருக்கைகளும் மடக்குக் கூரையும் தொடக்கத்தில் 1.6 லிட்டர் எஞ்சினும் ஒரு டன்னுக்கும் குறைந்த எடையும் கொண்டது. வேகத்தைவிட ஓட்டுநரின் கைக்கு உடனே பணியும் இயல்பே முக்கியம் என்று கருதி, தலைமைப் பொறியாளர் டோஷிஹிகோ ஹிராயின் குழு இதை வடிவமைத்தது.

இதன் சக்கரங்கள் 14 அங்குல விட்டமும் ஐந்தரை அங்குல அகலமும் உடையவை. அவற்றில் பொருத்தப்பட்ட டயரின் பக்கவாட்டில் 185/60 ஆர் 14, 82 எச் என்று பொறித்திருக்கும். இதில் 185 என்பது டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்கிறது. ஆர் என்பது உள்ளிருக்கும் நூலிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் ரேடியல் அமைப்பையும், 14 என்பது சக்கரத்தின் விட்டத்தையும் காட்டுகின்றன. 82 என்பது ஒரு டயர் 475 கிலோ எடை தாங்கும் என்பதற்கான குறியெண். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அது தாங்கும் என்பதற்கான குறி. நான்கு டயர்களும் சேர்ந்து 1900 கிலோ தாங்கும் என்பதால் இந்த இலேசான வண்டிக்குச் சுமைத்திறன் ஒரு பிரச்சினையே அல்ல. வேகக் குறியில் அப்படி மெத்தனமாக இருந்துவிட முடியாது. 190 கிலோமீட்டரை ஒட்டிய உச்ச வேகம் உடைய வண்டிக்கு அதே 190-ஐ எல்லையாகக் கொண்ட டி குறி டயரைப் போடுவது அறிவுடைமை ஆகாது.

அளவு தெரிந்த பிறகும் டயர் கிடைக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. ஸ்போர்ட்ஸ் கார்களின் சக்கரங்கள் ஆண்டுக்காண்டு பெரிதாகி 17, 18, 19 அங்குலம் என்று வளர்ந்துவிட்டதால், உற்பத்தியாளர்கள் உயர்பிடிப்பு ரகங்களை 14 அங்குலத்தில் செய்வதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். இன்று இந்த அளவில் எளிதாகக் கிடைப்பவை சிறிய குடும்பக் கார்களுக்காகச் செய்யப்பட்டவை. நெடுநாள் உழைப்பதும் எரிபொருளை மிச்சப்படுத்துவதுமே அவற்றின் முதல் நோக்கம். ஆனாலும் இவற்றை ஏளனமாகப் பார்ப்பது நியாயமன்று. 1990-களில் ரப்பர்க் கலவையில் கரியோடு சிலிக்காவையும் சேர்க்கும் முறை பரவியதால், ஈரச்சாலையில் இன்றைய நடுத்தர டயரின் பிடிப்பு அக்காலத்து டயர்களைவிட வெகுவாக மேம்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் விற்கப்படும் டயர்களில் ஒட்டப்படும் தரச்சீட்டு, ஈரப்பிடிப்பை ஏ முதல் இ வரை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. கடையில் நிற்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எழுத்தைத்தான். அமெரிக்க முறையில் பொறிக்கப்படும் தேய்மான எண்ணை அந்த அளவுக்கு நம்புவதற்கில்லை. எண் கூடினால் டயர் மெதுவாகத் தேயும், குறைந்தால் ரப்பர் மென்மையாக இருந்து சாலையை நன்கு பற்றும் என்பது பொது விதியாயினும், அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தன் டயருக்குத் தானே வழங்கிக்கொள்வதால், இரு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

தேடி அலுத்தவர்கள் சற்றே மாறுபட்ட அளவுக்குத் தாவுவதுண்டு. அங்கே கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். 185-இல் 60 விழுக்காடு 111 மில்லிமீட்டர். அதை இரட்டித்து 14 அங்குலத்துக்குரிய 355.6 மில்லிமீட்டரோடு கூட்டினால் மூல டயரின் மொத்த விட்டம் 577.6 மில்லிமீட்டர் என்று வருகிறது. கடைக்காரர் பெரும்பாலும் எடுத்து நீட்டும் 195/60 ஆர் 14 டயரின் விட்டம் இதே முறையில் 589.6 மில்லிமீட்டர் ஆகிறது, அதாவது இரண்டு விழுக்காடு கூடுதல். வேகமானி சக்கரத்தின் சுழற்சியை வைத்தே வேகத்தைக் கணிப்பதால், முள் 100-ஐக் காட்டும்போது, மூல டயரில் முள் அதே 100-ஐக் காட்டுகையில் போயிருக்கக்கூடிய வேகத்தைவிட வண்டி இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும். வண்டியின் உயரமும் ஆறு மில்லிமீட்டர் கூடும், ஒவ்வொரு கியரும் சற்றுச் சோம்பலாகும். 195/55 ஆர் 14 போட்டால் விட்டம் 570 மில்லிமீட்டருக்கு இறங்கி இவை அனைத்தும் எதிர்த்திசையில் நிகழும். எண்கள் மிக நெருங்கி வருவது 195/50 ஆர் 15 அளவில்தான். இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டிகளில் மாஸ்டாவே அதைப் பொருத்தியது, அதன் விட்டம் 576 மில்லிமீட்டர். ஆனால் அதற்கு 15 அங்குலச் சக்கரம் வேண்டும், மூலச் சக்கரங்கள் கொட்டகைக்குப் போய்விடும். அகலமான ரப்பரே வேண்டும் என்பவர்கள் அந்த வழியில் போவதில் தவறில்லை. மூலச் சக்கரத்தைக் காக்க விரும்புபவருக்கு அது விடையாகாது.

அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்ற பரவலான எண்ணத்தை இங்கே சற்று நின்று ஆராய வேண்டும். டயரின் அகலம் அது ஏற்றப்படும் ரிம்மின் அகலத்தைச் சார்ந்தது. 185/60 டயருக்கு அளவை ரிம்மாகக் கொள்ளப்படுவது ஐந்தரை அங்குலம் என்பதால், மாஸ்டாவின் சக்கரத்தில் அந்த டயர் தன் இயல்பான வடிவில் உட்கார்ந்து, பக்கச்சுவர்கள் ஏறத்தாழ நேராக நிற்கின்றன. அதே ரிம்மில் 205 மில்லிமீட்டர் டயரைத் திணித்தால் விளிம்புகள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையில் ஒரு கணம் வெற்றிடம் தோன்றும். திருப்பிய சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் உருளும் திசைக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாட்டைப் பொறியாளர்கள் சறுக்குக் கோணம் என்பர். ஓரளவு உயரமான பக்கச்சுவரும் மிதமான பிடிப்பும் உள்ள டயரில் இக்கோணம் படிப்படியாக வளர்ந்து, எல்லை நெருங்குகிறது என்று ஓட்டுநரின் கைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எம்எக்ஸ்-5 வண்டியின் நான்கு சக்கரங்களிலும் உள்ள இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கரங்கள் தாங்கும் அமைப்பு, அத்தகைய டயரை மனத்தில் வைத்தே இசைவாக்கப்பட்டது. மிகுதியான பிடிப்புள்ள பந்தய ரக டயரை அதில் பூட்டினால் மூல ஸ்பிரிங்குகள் தாங்காமல் உடல் அதிகம் சாயும். சறுக்கல் வரும்போது கூடுதல் வேகத்தில், முன்னறிவிப்பின்றி வரும். 115 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சினைக் கொண்டு அந்த டயரை முழுமையாகப் பயன்படுத்தவும் முடியாது.

மாஸ்டா நிறுவனமே இதை உணர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஜப்பானில் முதல் தலைமுறை வண்டிகளுக்கான புனரமைப்புத் திட்டத்தை 2017 இறுதியில் தொடங்கியபோது, கூரைத் துணி, நார்டி நிறுவனத்தின் மர ஸ்டீயரிங் சக்கரம் ஆகியவற்றோடு, பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் எஸ்எஃப்-325 என்ற பழைய டயரையும் அதே 185/60 ஆர் 14 அளவில் மறுபடியும் செய்விக்க அது ஏற்பாடு செய்தது. சந்தையில் வேறு டயர் கிடைக்கையிலும் ஒரு நிறுவனம் தன் பழைய வண்டிக்காக வழக்கொழிந்த டயரை உயிர்ப்பிக்க முன்வந்தது, டயரைத் துணைப்பொருளாக எண்ணாமல் வடிவமைப்பின் உறுப்பாகவே அது கருதியதைக் காட்டுகிறது.

பழைய அளவு டயர்கள் கடைகளில் நெடுங்காலம் தேங்கிக் கிடப்பதால், வாங்குபவர் தயாரிப்புத் தேதியையும் பார்த்தாக வேண்டும். பக்கவாட்டில் டாட் என்ற குறியோடு தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தையது, அதன் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. ரப்பரை ஓசோனிலிருந்து காக்கும் சேர்மங்கள் டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து வருகின்றன. ஆகவே விடுமுறை நாளில் மட்டும் வெளியே வரும் வண்டியின் டயர், இழுப்பறையில் மறந்துபோன ரப்பர் பேண்டைப் போல இறுகி வெடித்துவிடுகிறது. பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டையும், மிஷலின் போன்ற டயர் நிறுவனங்கள் அதிகபட்சமாகப் பத்து ஆண்டையும் எல்லையாக வைக்கின்றன.

நான்கையும் ஒருசேர மாற்றுவதே சிறந்தது. இரண்டு மட்டும் என்றால் புதியவை பின்பக்கம் செல்ல வேண்டும், ஏனெனில் ஈரத்தில் பின்சக்கரம் முதலில் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ஒரே அச்சில் இடமும் வலமும் வெவ்வேறு டயர்கள் இருப்பதோ கூடவே கூடாது. ஏற்றும்போது பழைய அலாய் ரிம்மின் உள்விளிம்பில் படிந்த அரிப்பைச் சுரண்டி எடுக்காவிட்டால் காற்று மெல்லக் கசியும். இலேசான இவ்வண்டியின் ஸ்டீயரிங் 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் சிறு சமனின்மைக்கும் நடுங்கும் என்பதால் வீல் பேலன்சிங்கில் அவசரம் காட்டலாகாது. எடைத்துண்டுகளை வெளிவிளிம்பில் அடிக்காமல் உட்புறம் ஒட்டச் சொல்வது சக்கரத்தின் அழகையும் காக்கும். இறுதியாகக் காற்று: மாஸ்டா இவ்வண்டிக்குக் குறித்தது, டயர் குளிர்ந்திருக்கும்போது சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. மற்றக் கார்களின் பழக்கத்தில் 32-க்கு மேல் அடித்து அனுப்பும் கடைகள் பல உண்டு. அவ்வாறு இறுகிய டயர் சாலையின் மேடுபள்ளங்களில் துள்ளித் துள்ளி நடுப்பகுதியில் மட்டுமே தேயும்.