ஐந்தாம் இடத்து மலை ஏன் முதலாவதாகத் தெரிகிறது?

மழை ஓய்ந்த தை மாதக் காலையொன்றில் இரத்தினபுரி நகரில் பஸ்ஸை விட்டு இறங்கி வடகிழக்கே பார்த்தால், இறப்பர் மரங்களையும் முகிலையும் தாண்டி ஒரு கூம்பு தனியே நிற்பது தெரியும். இலங்கையின் மிக உயரமான மலை எது என்று அந்த நேரத்தில் கேட்டால், யாருக்கும் அந்தப் பக்கம்தான் விரல் நீளும்.

விடை பிழை. சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர். நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பிதுருதலாகலைதான் முதலாவது. அது 2,524 மீட்டர். கிரிகல்பொத்தை, தொட்டுப்பொல என்று இன்னும் சில மலைகளைக் கடந்த பிறகே, ஐந்தாவது இடத்தில் சிவனொளிபாதம் வருகிறது.

ஆனாலும் விரல் நீட்டியவரைக் குறை சொல்ல முடியாது.

அடியிலிருந்து அளந்தால்

நுவரெலியா நகரமே ஏறத்தாழ 1,870 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து பிதுருதலாகலையைப் பார்ப்பவருக்கு, தலைக்கு மேலே எஞ்சுவது சுமார் 650 மீட்டர்தான். மேட்டுநிலத்தின் மேல் வைத்த இன்னொரு மேடு போல அது கிடக்கிறது. உச்சியில் ஒளிபரப்புக் கோபுரமும் பாதுகாப்பு வலயமும் இருப்பதால் நினைத்த நேரம் ஏறவும் முடியாது.

இரத்தினபுரியின் கதை வேறு. நகரம் கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டருக்கும் கீழே, களு கங்கைக் கரையில் கிடக்கிறது. அங்கிருந்து மலையுச்சிக்கு நேர்த்தூரம் 20 கிலோமீட்டர்கூட வராது. அந்தக் குறுகிய தூரத்துக்குள் நிலம் 2,100 மீட்டர் எழும்புகிறது. மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், முன்னால் மறைக்க ஒன்றுமில்லாமல் நிற்கும் மலை அது. மேற்குக் கரைக்குக் கப்பலில் வந்தவர்களுக்குத் தீவில் முதலில் தென்பட்ட அடையாளமும் அதுவே. அரபு மாலுமிகளும் மார்கோ போலோவும் இந்த மலையைப் பற்றி எழுதினார்கள். பிதுருதலாகலைக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை.

பாலித் தீவில் இரண்டு பெருமையும் ஒரே மலைக்கு. அங்கே 3,000 மீட்டருக்கு மேல் நிற்கும் அகுங் எரிமலைதான் தீவின் மிக உயரமான இடம்; தீவின் தாய்க்கோயிலான பெசாகி அதன் சரிவிலேயே இருக்கிறது. இலங்கையில் உயரம் ஒரு மலைக்கும் பக்தி இன்னொரு மலைக்குமாகப் பிரிந்துவிட்டது.

பழைய வாசல்

இன்று சிவனொளிபாதம் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணிப் பாதை. நல்லதண்ணி ஏறத்தாழ 1,200 மீட்டரில் இருப்பதால், பாதி உயரத்தை பஸ்ஸே ஏறிக் கொடுத்துவிடுகிறது. மிச்சம் 1,000 மீட்டர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மூன்று நான்கு மணி நேரம்.

இரத்தினபுரி இருக்கும் சப்ரகமுவப் பக்கத்தில் இரண்டு பாதைகள். ஒன்று இரத்தினபுரியிலிருந்து கிலிமலே வழியாகப் பலாபத்தலைக்குப் போய் அங்கிருந்து ஏறுவது. மற்றது குருவிட்டையிலிருந்து எரத்ன வழியாக. இரண்டுமே தாழ்நிலத்தில் தொடங்குகின்றன. பலாபத்தலையில் கால் வைப்பவர் கிட்டத்தட்ட 1,800 மீட்டரைத் தன் காலால்தான் ஏற வேண்டும். பழகியவர்களுக்கே ஆறு ஏழு மணி நேரம் எடுக்கும்.

பழைய காலத்து வாசல் இதுதான். 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், யாத்திரிகர்களின் உணவுக்கென கிலிமலே கிராமத்தை ஒதுக்கிக் கொடுத்தான். மத்திய மலைச் சரிவுகள் அன்று பெருங்காடு.

வாசலை இடம் மாற்றியவை தோட்டங்களும் ரயிலும். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக மஸ்கெலியாப் பள்ளத்தாக்கின் காடு வெட்டப்பட்டது. வெட்டியவர்களும் ரோட்டுப் போட்டவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர். சாமிமலை, நல்லதண்ணி என்ற தமிழ்ப் பெயர்கள் அந்தப் பக்கத்தில் இன்றும் நிற்கின்றன. 1884 இல் ஹட்டனுக்கு ரயில் வந்தது. கொழும்பில் ஏறி ஹட்டனில் இறங்கினால் மலையின் பாதி முடிந்த மாதிரி. இரத்தினபுரிக்குக் களனிவெளிச் சிறுபாதை ரயில் 1912 இல்தான் வந்து சேர்ந்தது. அவிசாவளைக்கு அப்பால் இருந்த அந்தப் பகுதியும் 1976 இல் மூடப்பட்டது.

இதற்கெல்லாம் வெகு முன்பே, 1344 இல் இந்த மலைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவும் இரண்டு பாதைகளைக் குறிக்கிறார். ஒன்று ஆதாமின் பெயரால் ‘பாபா’ பாதை, மற்றது ஏவாளின் பெயரால் ‘மாமா’ பாதை. மாமா பாதை இலகு. இறங்கி வருவதற்கு உகந்தது. ஆனால் அதன் வழியாகவே ஏறினால் யாத்திரையாகக் கணக்கில் சேராது என்று எழுதியிருக்கிறார். பலாபத்தலைப் பக்கம் ஏறுகிறவர்களுக்கு இது கேட்க இனிப்பாக இருக்கும். அவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தனுப்பியது புத்தளத்தில் அவர் சந்தித்த யாழ்ப்பாணத்து மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி. அந்தத் துணைக் கூட்டத்தில் ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர் இருந்தார்கள்.

பெயர்கள் ஏறும் பாதை

சிங்களத்தில் ஸ்ரீ பாத, சமனல கந்த, தமிழில் சிவனொளிபாதமலை, முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் உச்சியிலுள்ள பாதச் சுவட்டைப் புனித தோமாவுடையது என்றார்கள். உச்சிப் பாறையிலுள்ள பள்ளம் சுமார் 1.8 மீட்டர் நீளம். புத்தர், சிவன், ஆதாம் என்று யாருடைய பாதமாக நம்பினாலும் வரிசை ஒன்றுதான்.

வரிசை ஒன்றானாலும் பொறுப்பு கைமாறியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைவத்தைத் தழுவிய சீதாவாக்கை மன்னன் முதலாம் ராஜசிங்கன் மலையை ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதைப் பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தான். ஆண்டிகளின் தடம் பாதையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரத்தினபுரிப் பக்கத்தில் உச்சிக்குக் கீழே வரும் ஓர் இடத்தின் பெயர் ஆண்டியாமலதென்ன. ‘ஆண்டி இறந்த சமதரை’ என்று பொருள்.

அதைப் போல ஒவ்வொரு தங்கலுக்கும் ஒரு பெயர். ஹெரமிட்டிபான என்பது ஊன்றுகோலை வைத்த இடம். குருவிட்டைப் பாதை வந்து சேரும் சந்தியும் அதுவே. அதற்கு மேலே மகாகிரிதம்ப என்னும் செங்குத்தான ஏற்றம். பாறையில் அடித்த சங்கிலிகளைப் பிடித்துத்தான் ஒரு காலத்தில் ஏறினார்கள். இப்னு பதூதா பத்துச் சங்கிலிகளை எண்ணியிருக்கிறார். இன்று படியும் கைப்பிடியும் உண்டு, ஆனாலும் மூச்சு வாங்குவது குறையவில்லை.

தோட்டத்துக் குடும்பமொன்று புறப்படும்போது மூட்டையில் போவது அநேகமாக ஒரே சாமான்கள்தான்: ரொட்டியும் கட்டைச் சம்பலும், தேங்காய், கற்பூரம், ஒரு கம்பளி, ஒரு துண்டுச் சவர்க்காரம். சவர்க்காரம் குளிக்க மட்டும் இல்லை. இரத்தினபுரிப் பாதையில் ஈரக் காடு மிச்சமிருப்பதால் அட்டையும் மிச்சமிருக்கிறது. கொழுந்து மலையில் செய்கிற மாதிரியே கணுக்காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு ஏறுகிறார்கள். ‘கருணாவாய்’ என்று சிங்கள யாத்திரிகர் வாழ்த்த, ‘அரோகரா’ என்று இவர்கள் பதில் கொடுக்க, இருட்டில் இரண்டு மொழியும் ஒன்றையொன்று தாண்டிப் போகும். உச்சியில் மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை வந்தீர்களோ, அத்தனை தடவை அடிக்கலாம்.

ஆறு மாதம் மட்டும்

பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடியும். காரணம் பக்தியும் மழையும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நகரம் இரத்தினபுரி. மே இறுதியில் எழும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு இந்தச் சரிவுதான் முதல் சுவர். அந்த மாதங்களில் படிகளில் தண்ணீர்தான் இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் மலையின் காவல் தெய்வமான சமனின் சிலையும் பருவம் முடிந்ததும் இறங்கி, பெல்மதுளை கல்பொத்தாவல விகாரைக்கு வந்துவிடும். மார்கழியில் ஊர்வலமாகத் திரும்ப ஏறும்.

அந்த மழைதான் காட்டையும் காக்கிறது. மலையைச் சுற்றியுள்ள வனம் 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் சேர்க்கப்பட்டது. அழிந்துவிட்டதாக 2004 இல் அறிவிக்கப்பட்ட ஒரு சிறு தேரை, 2009 இல் இந்த வனத்து ஓடையொன்றில் மறுபடி கண்ணில் பட்டது. இரத்தினபுரியின் மாணிக்கமும் மழையின் வேலையே. மலைப்பாறை சிதைந்து, கற்கள் ஆற்றோடு உருண்டு, வயலுக்கு அடியில் ‘இல்லம்’ என்னும் பரல் படையாகத் தங்கிவிட்டன. ஆதாமின் கண்ணீர் என்று பழைய பயணிகள் சொன்னது அதைத்தான்.

முக்கோண நிழல்

இரவெல்லாம் ஏறுவது சூரியோதயத்துக்காக. ஆனால் கிழக்கே சூரியன் கிளம்பிய சில நிமிடங்களில் கூட்டம் மேற்கே திரும்பிவிடும். அங்கே பனிமூட்டத்தின் மேல் கூரான முக்கோணமாக மலையின் நிழல் விழுந்து கிடக்கும். இதை அற்புதம் என்பவர்கள் உண்டு. கூம்பு வடிவ மலை என்பதால் கூம்பு நிழல் என்று விளக்குபவர்களும் உண்டு. அந்த விளக்கமும் முழுதாகச் சரியில்லை. எந்த மலையின் உச்சியில் நின்று பார்த்தாலும் நிழல் அநேகமாக முக்கோணமாகவே தெரியும். நிழல் பல பத்துக் கிலோமீட்டர் நீண்டு ஓடுவதால், நேரான தண்டவாளம் தூரத்தில் ஒன்றுகூடுவது போல அதன் இரு விளிம்புகளும் ஒரு புள்ளியில் சேர்கின்றன. சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி, மலையின் காலடிக்கு வந்து, காணாமல் போகும்.

அது விழும் திசை சப்ரகமுவ. கீழே குருவிட்டை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் அந்நேரம் பால்வெட்டு தொடங்கியிருக்கும். மேலே நிற்பவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, நிழலுக்குள் நிற்கிறவர்களுக்குத் தெரிவது இவ்வளவுதான்: இன்னும் வெயில் வரவில்லை, பால் நன்றாக இறங்கும்.