விரட்டுவதற்கென்று ஒரு மெட்டு

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1778 மார்ச் 14 அன்று, வேலி ஃபோர்ஜ் பாசறையிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் ஓர் ஆணை பிறப்பித்தார். ஓரினச் சேர்க்கைக்கு முயன்றார், பொய்ச் சத்தியம் செய்தார் என்று இராணுவ நீதிமன்றம் தண்டித்த லெப்டினன்ட் என்ஸ்லினை, படையிலுள்ள முரசுக்காரர், குழல்காரர் அத்தனை பேரும் கூடி, மறுநாள் காலை பாசறையை விட்டு முழக்கி வெளியேற்ற வேண்டும். அவர் திரும்பவே கூடாது. அப்படியே நடந்தது. மேலங்கியை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு, அணிவகுத்து நின்ற சக வீரர்கள் முன்னால் அவரை நடத்திச் சென்றார்கள்.

இந்தச் சடங்குக்கென்றே ஒரு மெட்டு உண்டு: 'ரோக்ஸ் மார்ச்', அதாவது போக்கிரியின் நடை. பிரிட்டிஷ் படையிலிருந்து அமெரிக்கர்களுக்கு வந்தது. சோக இசை என்று நினைத்துவிடாதீர்கள், துள்ளி ஓடும் மெட்டு அது. ஒருவன் மானம் இழந்து நடக்கும்போது கூத்துக்கு வாசிப்பதுபோல் வாசிப்பதில்தான் அதன் கொடுமை முழுவதும் இருக்கிறது.

வாசித்த கருவி ஃபைஃப். நம் புல்லாங்குழல்போல் குறுக்கே பிடித்து ஊதும் மரக்குழல். சுமார் 40 செ.மீ. நீளம், விரல் வைக்க ஆறு துளைகள், சாவிகள் கிடையாது. உள்துளை ஒடுங்கியது என்பதால், அழுத்தி ஊதினால் ஒலி சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் தாவும். அங்கே அதிர்வெண் 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பது அந்த எல்லையைத்தான். துப்பாக்கிகளின் தாழ்ந்த இடியோசைக்கு மேலே இந்தக் கீச்சொலி தனித்துக் கேட்டது அதனால்தான்.

கேட்டாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. முரசும் குழலும் படைக்குக் கடிகாரம், தளபதியின் குரல் இரண்டுமாக இருந்தன. வாஷிங்டனின் படைக்குப் பயிற்சி தந்த ஸ்டாய்பன் 1779இல் எழுதிய படைவிதி நூல் ஒவ்வொரு முழக்கத்துக்கும் பொருள் வகுத்தது: கூடாரத்தைப் பிரிக்க ஒன்று, விடியலில் எழ ஒன்று, இரவில் அடங்க ஒன்று, எதிரியோடு பேச்சுக்கு அழைக்க ஒன்று. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷாரின் சரணாகதி தொடங்கியதும் கோட்டைச் சுவரில் ஏறிய ஒரு முரசுச் சிறுவனின் பேச்சுவார்த்தை முழக்கத்தில்தான். புகைக்குள் வாத்தியக்காரர்களைத் தேடிப் பிடிக்க வசதியாக, படைப்பிரிவின் சீருடை நிறங்களையே தலைகீழாக மாற்றி அவர்களுக்கு உடுத்தினார்கள்.

பிறகு பியூகிள் என்ற ஊதுகொம்பு வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஆனாலும் 1960இல் அமெரிக்கத் தரைப்படை, பழைய சிவப்பு அங்கியோடு ஒரு ஃபைஃப்–முரசுக் குழுவை மீண்டும் அமைத்தது. அரசு விழாக்களில் அது இன்றும் வாசிக்கிறது. ஒலிப்பதிவில் கேட்பதானால் ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளிக்காகச் செய்த குழல் அது.