ஜெயித்தது ஜெர்மனி

‘விட்டதைப் பிடிக்க...’ தொடர் – 7

2014 உலகக் கோப்பைக் கால்பந்து நேரத்தில், சிங்கப்பூரின் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. சில பையன்கள், எந்த அணி ஜெயிக்கும் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஆண்டி என்பவன் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஜெர்மனி ஜெயிக்கணும் என்கிறான். அவன் சேமிப்பு முழுவதையும் அப்பா அந்த அணிமேல் கட்டிவிட்டார்.

வந்தது வினை. அரையிறுதியில் பிரேசிலை 7-1 என்று துவைத்தெடுத்த ஜெர்மனி, ஜூலை 13 அன்று கோப்பையையும் தூக்கியது. ஆண்டியின் அப்பா கில்லாடி என்று இணையம் முழுக்க ஓட்டினார்கள். ஓர் அமைச்சரும் சேர்ந்துகொண்டார். மன்றம் அசரவில்லை. வசனத்தை மாற்றியது. அப்பாவின் அணிதான் ஜெயித்துவிட்டதே, காசு திரும்ப வந்ததா என்று நண்பர்கள் கேட்க, அப்பா இன்னும் ஒரு தடவை கட்டப்போகிறாராம் என்கிறான் பையன்.

அவசரத்தில் மாற்றிய இந்த வசனம்தான் உண்மைக்குக் கிட்டே நிற்கிறது. தோற்றவன் விட்டதைப் பிடிக்க ஓடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தவன் காசும் வீட்டுக்கு வராது; அடுத்த ஆட்டத்துக்கு முதலாகிவிடும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்த்தது. ‘மனசு வைத்தால் நிறுத்திடலாம்ல?’ என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூர் அரசு 2005இல் சூதாட்டக் கூடங்களுக்கு அனுமதி கொடுத்தது, அதே ஆண்டில் இந்த மன்றத்தையும் அமைத்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைதான். ஆனாலும் அந்தத் தொட்டிலில் நமக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஆடுகிறவர் தாமாகவே ‘என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று எழுதிக் கொடுக்கலாம். அவர் எழுதித் தராவிட்டால், மனைவியோ கணவரோ, பெற்றோரோ, பிள்ளைகளோ, உடன்பிறந்தவர்களோ விண்ணப்பிக்கலாம். ஒரு குழு இருதரப்பையும் கேட்டுத் தடை விதிக்கும். திவாலானவர்களுக்கு யாரும் கேட்காமலே தடை உண்டு.

உள்ளூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. 2010இல் கூடங்கள் திறந்தபோது நாளொன்றுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2019 முதல் 150. வெளிநாட்டவருக்கு இந்தக் கட்டணம் கிடையாது. நம்மூரிலிருந்து கடன் வாங்கிப் போய்க் கட்டட வேலை பார்க்கிற தம்பி, 21 வயதானால் ஒரு காசு கொடுக்காமல் உள்ளே போகலாம். அவரும் தனக்குத் தானே தடை கேட்கலாம். ஊரில் இருக்கும் அக்கா, அண்ணன் இதைத் தெரிந்துவைத்துச் சொன்னால் நல்லது. அங்குள்ள உதவி எண்: 1800-6-668-668.

தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே கூடம் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது, வாசலில் நிறுத்த ஆள் இல்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்தது. ஆனால் சட்டம் செயலியைத்தான் மூடும், ஆசையை அல்ல. வெளிநாட்டுத் தளங்களுக்கும் பஞ்சமில்லை.

மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். ஆடுகிறவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. வீட்டில் இருப்பவரே கூப்பிட்டு என்ன செய்வதென்று கேட்கலாம். கூப்பிடும் முன் நகையை அடகு வைத்து அவர் கடனை அடைத்துவிடாதீர்கள். கடன் தீர்ந்த கையோடு புதுக்கடன் எளிதில் வந்து சேரும். யாரிடம் எவ்வளவு பாக்கி என்று அவர் கையாலேயே முழுக்க எழுதி வாங்குங்கள். சம்பளம் வரும் கணக்கை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ள அவரைச் சம்மதிக்க வையுங்கள். முதல் பட்டியலில் ஒன்றிரண்டு கடன் விட்டுப்போயிருக்கும். பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

(தொடரும்)