அக்காள் கல்யாணம் ஏன் கோடு கோடாக ஓடுகிறது?

கனடாவில் அக்காளுக்குக் கல்யாணம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய் தகப்பனால் போக முடியவில்லை. கல்யாணத்தை வீடியோ பிடித்து, ஊருக்கு வருகிற ஒருவர் கையில் கேசட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

வீட்டார் ஆவலோடு டெக்கில் போடுகிறார்கள். மாப்பிள்ளையைக் காணோம்! பெண்ணையும் காணோம்! ஏதோ கோடு கோடாக உருளுகிறது. நாதசுரம், மாடு கத்துவது போல இழுத்து இழுத்துக் கேட்கிறது.

1983-ம் ஆண்டுக்குப் பிறகு ஈழத் தமிழர்கள் பல நாடுகளுக்குப் பிரிந்து போனார்கள். அவர்கள் அனுப்பிய கேசட்டுகள் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. அமெரிக்கா போன பிள்ளைகள் அனுப்பிய கேசட்டுகள் தமிழ்நாட்டு வீடுகளிலும் உண்டு.

மின்சாரம் செய்த வேலை

கேசட்டும் கெட்டுப்போகவில்லை, டெக்கும் கெட்டுப்போகவில்லை. இரண்டும் பேசும் பாஷைதான் வேறு!

டெலிவிஷன் படம் கோடுகளால் ஆனது. அமெரிக்கா, கனடாவில் ஒரு படத்துக்கு 525 கோடுகள். வினாடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். இதற்கு "என்.டி.எஸ்.சி." முறை என்று பெயர். இந்தியா, இலங்கை, இங்கிலாந்தில் 625 கோடுகள். வினாடிக்கு 25 படங்கள். இது "பால்" முறை. (குடிக்கிற பால் அல்ல!)

ஏன் இந்த வித்தியாசம்? அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 60 தடவை துடிக்கிறது. இங்கே 50 தடவை. டெலிவிஷனை அமைத்தவர்கள் அந்தந்த நாட்டு மின்சாரத்தையே தாளமாக வைத்துக்கொண்டார்கள்.

நாடா ஓடும் வேகமும் வேறு. அங்கே வினாடிக்கு சுமார் 33 மில்லிமீட்டர். இங்கே சுமார் 23 மில்லிமீட்டர்தான். நாதசுரம் இழுத்த காரணம் இப்போது தெரிகிறதா?

பிரான்சு நாட்டு "செக்காம்" முறை இன்னொரு வேடிக்கை. கோடும் வேகமும் நம்முடையதுதான். நிறம் சேர்க்கும் விதம் மட்டும் வேறு. அந்த முறையில் பதிந்த கேசட்டை நம் டெக்கில் போட்டால் படம் வரும், குரல் வரும், நிறம் வராது. சிவப்புக் கூறைச் சேலை சாம்பல் நிறமாகத் தெரியும்!

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது

கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் இந்தச் சண்டையே கிடையாது. 25 படமும் காட்டும், 30 படமும் காட்டும். ஆனால் கேசட்டிலிருந்து ஏற்றும் நேரத்தில் கவனம் வேண்டும்.

பல முறைகளையும் ஓட்டும் டெக் சிலவற்றில் ஒரு தந்திரம் இருக்கிறது. அமெரிக்க நாடாவைப் போட்டால், நம் டி.வி.யில் தெரியட்டும் என்று நிறத்தை மட்டும் பால் முறைக்கு மாற்றி அனுப்பும். கோடுகள் 525 தான். ஆட்டுக்கு மாட்டுத் தலை வைத்தது போல! டி.வி. இதை ஏற்றுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரோடு இணைக்கும் பதிவுப் பெட்டி பல சமயம் ஏற்காது. படம் கறுப்பு வெள்ளையாகிவிடும், அல்லது துள்ளும். டெக், பதிவுப் பெட்டி இரண்டையும் என்.டி.எஸ்.சி.யில் வைத்து ஏற்றுவதே சரி.

"நம் ஊர் முறைக்கு மாற்றித் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். 30 படத்தை 25 ஆக்கினால், சிலவற்றைத் தள்ள வேண்டும். அல்லது ஒன்றோடு ஒன்று கலக்க வேண்டும். மணப்பெண் தாவித் தாவி நடப்பாள். "நாடா எந்த முறையோ, அந்த முறையிலேயே ஏற்றுங்கள்" என்று கேளுங்கள்.

வெள்ளைப் பூசணம்

கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். நாடாவில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அது பூசணம். அதை டெக்கில் போடவே கூடாது. டெக்கில் ஒட்டிக்கொண்டு, அடுத்த கேசட்டையும் கெடுக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தள்ளிப்போடவும் முடியாது. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-ம் ஆண்டு ஜூலையோடு டெக் செய்வதை நிறுத்திவிட்டது. கடைசி வரை செய்துவந்த கம்பெனி அதுதான். இருக்கிற டெக்குகளும் தேய்ந்து வருகின்றன.

சினிமாப் பாட்டு பதிந்த கேசட் இருக்கட்டும். இறந்துபோன தாத்தா பேசுகிற கேசட்டை முதலில் ஏற்றுங்கள்.

கொடுப்பதற்கு முன், கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள். யாராவது தவறிப் பொத்தானை அமுக்கினாலும் கல்யாணத்தின் மேல் வேறு எதுவும் பதியாது. ஏற்றிய பிறகு இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள். பழைய கேசட்டையும் எறிய வேண்டாம். ஈரம் படாத அலமாரியில் புத்தகம் போல நிமிர்த்தி வைத்தால் போதும்.