இறைத்தால் தீருமா?
(நிலத்தடி நீரின் கதை – 9)

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த விஷயத்தைச் சென்ற வாரம் பாதியில் நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, களுபோவிலையில் எங்கள் ஒழுங்கையிலே மகளோடு வந்து தங்கியிருக்கும் வலிகாமத்து மூதாட்டி ஒருவர், "தம்பி, கிணத்தைக் கலக்கி ரெண்டு தரம் இறைச்சு விட்டால் எண்ணெய் போகாதோ?" என்று கேட்டார். மேல்நாட்டுப் பொறியியலாளர் நெடுங்காலம் நம்பியிருந்த உபாயமும் ஏறக்குறைய இதுவேயாதலால், இவ்வாரம் அதையே விசாரிப்போம்.

எண்ணெய் நீரினும் லேசானதாகையால், மண்ணினூடே இறங்கி நீர்மட்டத்தைத் தொட்டதும், காய்ச்சிய பாலின்மேல் ஆடைபோலப் பரவி நின்றுவிடுகிறது. அவ்விடத்தில் குழாய்க்கிணறு இட்டு இடைவிடாது இறைத்தால், சுற்றிலுமுள்ள நீர்மட்டம் அதை நோக்கிச் சரிய, எண்ணெயும் அப்பள்ளத்திலே வந்து சேரும். மிதப்பதை வேறாக வழித்தெடுத்து, நீரை உயர்ந்ததொரு கோபுரத்தின் உச்சியிலிருந்து சொரியவிட்டுக் கீழிருந்து காற்றை ஊதினால், கரைந்திருக்கும் பென்சீன் முதலிய வஸ்துக்கள் ஆவியாகப் பிரிந்துபோகும். எஞ்சியவற்றைக் கரிப்படுகை பற்றிக்கொள்ளும்.

சொல்லும்போது சுலபந்தான். ஆனால் மாரியில் உயர்ந்தும் கோடையில் தாழ்ந்தும் நீர்மட்டம் அசையுந்தோறும், எண்ணெய் கல்லின் நுண்துவாரங்களிலெல்லாம் அப்பிக்கொள்கிறது. எவ்வளவு இறைத்தாலும் அது அசைவதில்லை. இயந்திரத்தை நிறுத்திய சில மாதங்களில் மெல்லக் கசிந்து, தெளிந்த நீரை மறுபடியும் கெடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் இம்முறை கையாளப்பட்ட 77 இடங்களைத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் பரிசீலித்து 1994-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, குறித்த தூய்மை எய்தப்பட்டவை 8 இடங்களே.

சுன்னாகம் அமைந்துள்ள யாழ்ப்பாணத்திலோ சங்கடம் இன்னும் ஒருபடி அதிகம். அங்கே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதனாலேதான். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடி நிற்கும் என்பது சாஸ்திரக் கணக்கு. ஆகவே மேலே ஓரடி நிரந்தரமாகக் குறைந்தால், காலப்போக்கில் உப்பு நாற்பதடி ஏறிவிடும். எண்ணெயைத் துரத்தப்போய்க் கடலை அழைத்துவரும் வைத்தியத்தை யார்தான் விரும்புவார்?

சுன்னாகப் பகுதியில் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை பரிசோதித்த 150 கிணறுகளில் ஏறக்குறைய முக்காற்பங்கில் எண்ணெய் அளவு மிஞ்சியிருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கே மின்நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் கம்பனியைப் பொறுப்பாளியாக்கி, பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபாய் நஷ்டஈடு விதித்தது. மாசுபடுத்தியவனே செலவைத் தாங்கவேண்டும் என்ற நியாயம் நிலைநாட்டப்பட்டதில் எனக்குப் பூரண திருப்தியே. எனினும், கிணறு கிணறாகத் துப்புரவு செய்வதனால் கிணறுகளை ஊட்டும் கற்படுகை துப்புரவாகிவிடாது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பக்கத்து வளவிலிருந்து ஊறிவரும் நீருக்கு வேலி ஏது?

என் அபிப்பிராயத்தில், அங்கே இறைப்பு மிதமாகவே நடக்கவேண்டும்: மிதக்கும் எண்ணெயை மாத்திரம் வழித்தெடுத்து, உவரின் ஏற்றத்தை அடிக்கடி அளந்து, சுத்திசெய்த நீரை வாய்க்காலில் விட்டு வீணாக்காமல் அதே நிலத்துக்குள் திருப்பி இறக்கவேண்டும். கல்லிலே அப்பிய எண்ணெயைத் தின்று ஜீவிக்கும் நுண்ணுயிர்களும் உண்டு; அவற்றை வேலை வாங்கும் விதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.